நெஃபின் நிலமும் ஒற்றைக் காலணியும்

1866ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலத்தில், மல்ட்னோமா மாவட்டத்து ஷெரீப் ஒரு நிலத்தை ஏலம் விட்டார். பரப்பு ஏறத்தாழ 300 ஏக்கர். ஏலம் போன தொகை 341 டாலர் 60 சென்ட். நிலத்துக்கு உரியவரான மார்க்கஸ் நெஃப் அப்போது ஒரிகனிலேயே இல்லை. வக்கீல் ஒருவருக்கு அவர் கட்டணப் பாக்கி வைத்ததாகத் தொடரப்பட்ட வழக்கின் விளைவு அந்த ஏலம். அவ்வழக்கின் அழைப்பாணை அவர் கையில் ஒருநாளும் கொடுக்கப்படவில்லை.

இந்தச் சில்லறை வழக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ‘பென்னாயர் எதிர் நெஃப்’ என்னும் 1878ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் உரிமையியல் நடைமுறையைப் படிக்கப் புகும் முதலாண்டு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதனோடு போராடி வருகிறார்கள். சட்டம் பயின்றவர்கள் அல்லோம் நாம். எனினும் இலக்கியம் பயில்வோரை இத்தீர்ப்பும் இதன் வழிவந்த தீர்ப்புகளும் ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் ஓரிடத்தில் ‘இருக்கிறார்’ என்றால் என்ன பொருள், உடம்பே இல்லாத ஒரு கம்பெனி எந்த ஊரில் ‘இருக்கிறது’ என்று ஏறக்குறைய 150 ஆண்டுகளாக அங்குள்ள நீதிபதிகள் இலக்கண உரையாசிரியர்களைப் போல மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்த மல்லுக்கட்டில் யார் நிலத்தை இழந்தார், யார் விரலை இழந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒரு நீதிமன்றம் வழக்கை விசாரிக்க இரண்டு தகுதிகள் வேண்டும். அவ்வகை வழக்கை எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். இது பொருள் பற்றிய அதிகாரம். வழக்கில் நிற்கும் ஆளைக் கட்டுப்படுத்தும் உரிமையும் இருக்க வேண்டும். இது ஆள் பற்றிய அதிகாரம். நாம் பேசப் போவது இரண்டாவதைப் பற்றி. அமெரிக்காவில் இது தலைவலியாக மாறியதற்குக் காரணம் அந்நாட்டின் அமைப்பு. மாநிலம் ஒவ்வொன்றும் தனக்கென முழு நீதிமன்ற அடுக்கை வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் தீர்ப்பைப் பிற மாநிலங்கள் மதித்து நிறைவேற்ற வேண்டும் என்று அரசமைப்பின் 4ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அப்படியானால் எங்கோ ஒரு மூலையில், ஆளே இல்லாமல், ஒருதலையாகப் பெற்ற தீர்ப்பையும் நாடு முழுவதும் தூக்கிக்கொண்டு அலையலாம் அல்லவா? அதற்கு எங்கே வேலி போடுவது?

நெஃபின் கதைக்கு வருவோம். 1848இல், தம் 24ஆம் வயதில், அயோவாவிலிருந்து கூண்டு வண்டித் தொடரொன்றில் ஒரிகனுக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1850இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிலக்கொடைச் சட்டம் இயற்றியது. குடியேறிய வெள்ளையர் நான்காண்டு தங்கிப் பயிரிட்டால் நிலம் அவருக்கே சொந்தம். (அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்து வந்த பழங்குடியினரோடு உடன்படிக்கைகள் முடிவதற்கு முன்பே நிலம் பங்கு போடப்பட்டது. எந்த நீதிமன்றத்துக்கு எவர்மீது அதிகாரம் என்று நுணுகி நுணுகி ஆராய்ந்த வழக்கின் அடியில் கிடக்கும் இந்தக் கேள்வியை அவ்வழக்கில் எவரும் எழுப்பவில்லை.) நெஃப் விண்ணப்பித்தார். பட்டா வருவதற்குள் ஆண்டுகள் உருண்டன. தாள்களைச் சரிசெய்து தர 1862வாக்கில் போர்ட்லாந்தில் ஜான் மிட்செல் என்னும் வக்கீலை அமர்த்தினார்.

மிட்செல் சாதாரணமான ஆள் அல்லர். இயற்பெயர் ஜான் மிட்செல் ஹிப்பிள். பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 15 வயது மாணவியைக் கெடுத்து, பின் மணந்து, வக்கீலாகி, மனைவியைக் கைவிட்டு, கட்சிக்காரர்களின் பணத்தோடும் வேறொரு பெண்ணோடும் மேற்கே ஓடிவந்தவர். வழியில் அந்தப் பெண்ணையும் விட்டுவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு ஒரிகனில் புது மனிதரானார். முதல் மணம் முறியாமலே மறுமணமும் செய்துகொண்டார். புனைகதையில் எழுதினால் மிகை என்பார்கள். இவரே பின்னாளில் ஒரிகனின் செனட்டராக மூன்று தனித்தனிக் காலங்களில் வாஷிங்டனில் அமர்ந்தார். 1905இல் அரசு நில மோசடி வழக்கில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். பிறர் நிலத்தின்மேல் கண் வைப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கம் போலும்.

1865 நவம்பரில் மிட்செல், தமக்குக் கட்டணம் பாக்கி என்று நெஃப் மீது ஒரிகன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 253 டாலர் சொச்சம். நெஃப் கலிபோர்னியாவில் எங்கோ இருக்கிறார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். பத்திரிகை விளம்பரத்தையே அழைப்பாணையாகக் கொள்ள அன்றைய ஒரிகன் சட்டம் இடம் தந்தது. விளம்பரம் வந்த இதழ் ‘பசிபிக் கிறிஸ்டியன் அட்வகேட்’. மெதடிஸ்ட் சபையின் வார ஏடு. ஆறு வாரம் வெளிவந்தது. கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர் ஒரிகன் சபை ஏட்டின் விளம்பரப் பத்தியை வாரந்தோறும் புரட்டுவார் என்று எதிர்பார்த்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. 1866 பிப்ரவரியில் எதிர்ப்பின்றித் தீர்ப்பானது. செலவும் சேர்த்து 294 டாலர் 98 சென்ட். மிட்செல் உடனே ஜப்திக்குப் போகவில்லை. மார்ச்சில் நெஃபின் பெயருக்குப் பட்டா எழுதப்பட்டது. ஜூலையில்தான் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டார். ஆகஸ்டில் ஏலம். எடுத்தவர் மிட்செலே. மூன்று நாள் கழித்து நிலம் சில்வெஸ்டர் பென்னாயரின் பெயருக்கு மாறியது.

பென்னாயர் ஹார்வர்டில் சட்டம் படித்து வந்தவர், மரவணிகர். நிலத்துக்கு வரி கட்டினார், மரம் வெட்டினார், ஒரு பகுதியை விற்கவும் செய்தார். நிலத்தின் மதிப்பு பின்னர் 15,000 டாலர் எனக் கணிக்கப்பட்டது. 1874இல் நெஃப் திரும்பி வந்து, தம் நிலத்தில் பென்னாயர் அமர்ந்திருப்பதைக் கண்டு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நெஃபின் கையில் அமெரிக்க அரசின் பட்டா. பென்னாயரின் கையில் ஷெரீப்பின் கிரயப் பத்திரம். எது வெல்லும்?

கீழ்நீதிமன்றத்தில் நீதிபதி டெடி நெஃபுக்கு நிலத்தைத் தந்தார். அவர் சொன்ன காரணம் தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கும். விளம்பரம் வெளியானதற்கு ‘அச்சிடுபவர்’ சான்று தர வேண்டும் என்பது சட்டம். சான்று தந்தவரோ பத்திரிகையின் ஆசிரியர். ஆசிரியர் அச்சிடுபவர் ஆகார். ஆகவே சான்று செல்லாது, தீர்ப்பு செல்லாது. ஒரு சொல்லின் பொருளில் 300 ஏக்கர் தொங்கிக்கொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய ஸ்டீபன் ஃபீல்டு இந்தச் சொல்லாராய்ச்சியை ஏற்கவில்லை. ஆசிரியரையும் அச்சொல்லில் அடக்கிக்கொள்ளலாம் என்றார். ஆனால் நெஃபே வென்றார், வேறொரு பெரிய காரணத்தால். 1878 ஜனவரி 21இல் வெளிவந்த அத்தீர்ப்பில் ஃபீல்டு, மாநிலங்களை நாடுகளைப் போலவே பாவித்தார். ஒரு மாநிலத்துக்குத் தன் எல்லைக்குள் இருக்கும் ஆள்மீதும் பொருள்மீதும் முழு அதிகாரம். எல்லைக்கு அப்பால் அணுவளவும் இல்லை. எல்லைக்கு வெளியே இருப்பவரை ஒரு மாநிலத்தின் நீதிமன்றம் கட்டுப்படுத்த வேண்டுமானால், அவர் உள்ளே இருக்கும்போது அழைப்பாணையை அவர் கையில் கொடுக்க வேண்டும். அல்லது அவரே முன்வந்து ஒப்ப வேண்டும். அவரது சொத்து உள்ளே இருந்தால் சொத்தின் மூலம் போகலாம். ஆனால் வழக்குத் தொடங்கும்போதே அதைக் கைப்பற்றியிருக்க வேண்டும். மிட்செல் செய்த பிழை இந்தக் கடைசியில்தான். முதலில் நிலத்தைப் பற்றாமல் தீர்ப்பு வாங்கிவிட்டுப் பிறகு நிலத்தைத் தேடிப் போனார். ஆளும் இல்லை, பொருளும் பற்றப்படவில்லை. ஆகவே தீர்ப்பு தொடக்கத்திலிருந்தே வெற்றுத்தாள். 1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தத்தின் ‘உரிய சட்ட நடைமுறை’ என்னும் தொடரையும் ஃபீல்டு போகிறபோக்கில் இதனோடு முடிச்சுப் போட்டுவிட்டார். நெஃப் மீதான தீர்ப்போ 1866ஆம் ஆண்டினது. போகிறபோக்கில் போட்ட அந்த முடிச்சுதான் பிற்காலத்தில் அவிழ்க்க முடியாததாக இறுகியது.

உடன்படாத நீதிபதி ஒருவரே, வார்டு ஹண்ட். அவர் எழுப்பிய கேள்வி நமக்கு இன்றும் கூர்மையாகவே படுகிறது. நிலத்தை வழக்கின் தொடக்கத்தில் கைப்பற்றினால் என்ன, முடிவில் கைப்பற்றினால் என்ன, கலிபோர்னியாவில் இருக்கும் உடைமையாளருக்கு அதனால் என்ன வேறுபாடு? சொத்து எப்போதும் உரியவரின் கண்பார்வையில் இருக்கும், அதைத் தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பது ஃபீல்டின் வாதம். எட்டாண்டு தன் நிலத்தில் பிறர் மரம் வெட்டியதற்குப் பின் வழக்காட வந்த நெஃபின் வழக்கிலேயே அந்த வாதம் நொண்டுகிறது. நீதி சரியாகக் கிடைத்தது. காரணம்தான் கோணலாகச் சொல்லப்பட்டது.

பென்னாயர் இதை மறக்கவில்லை. 1887இல் ஒரிகன் ஆளுநரானபோது தம் பதவியேற்பு உரையிலேயே உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் உரிமையைப் பறித்ததாகச் சாடினார். தோற்ற வழக்கை ஒன்பதாண்டு நெஞ்சில் வைத்திருந்து ஆளுநர் மேடையிலிருந்து மேல்முறையீடு செய்தவர் வேறு எவரும் உண்டா என்பது ஐயமே.

இதே காலத்தில் இதே கேள்வி நம் நாட்டிலிருந்தும் இலண்டனுக்குப் போனது. ஃபரித்கோட் ராஜாவின் பொருளாளராக இருந்து, 1874இல் பணிவிட்டுத் தம் சொந்த ஜிந்த் சமஸ்தானத்துக்குத் திரும்பிவிட்ட சர்தார் குர்தியால் சிங் மீது, ஃபரித்கோட் நீதிமன்றம் அவர் இல்லாமலே தீர்ப்பளித்தது. 1894இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பு செல்லாது என்றது. எல்லை தாண்டி நீதி நீளாது என்பது அந்நூற்றாண்டின் பொது நம்பிக்கை.

ஆனால் இரயிலும் மோட்டாரும் கம்பெனியும் எல்லைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பென்னாயர் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதில் சில விநோதங்கள் விளைந்தன. வடக்குக் கரோலினாவைச் சேர்ந்த ஹாரிஸ், பால்க் என்பவருக்கு 180 டாலர் கடன்பட்டிருந்தார். பால்க்கோ பால்டிமோர் வணிகர் ஒருவருக்குக் கடன்பட்டிருந்தார். 1896இல் ஹாரிஸ் சரக்கு வாங்கப் பால்டிமோர் போனார். அங்கே அந்த வணிகர், ஹாரிஸ் பால்க்குக்குத் தரவேண்டிய கடனையே பால்க்கின் சொத்து என்று சொல்லி ஜப்தி செய்துவிட்டார்! கடன் என்பது கடன்பட்டவரின் கூடவே நடந்து செல்லும், அவர் எங்கே போனாலும் அங்கே இருக்கும் என்று 1905இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கடன்பட்டார் நெஞ்சம் கலங்குவது நாம் அறிந்தது. கடன் கொடுத்தவரும், தமக்குக் கடன்பட்டவர் இன்று எந்த ஊரில் இறங்குகிறாரோ என்று கலங்க வேண்டிய காலம் அது. 1959இல் இதைவிட ஒருபடி மேலே போனார்கள், மெய்யாகவே மேலே. மெம்பிஸிலிருந்து டல்லஸுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில், அது ஆர்கன்சா மாநிலத்தின் வான்வெளியில் இருந்த நேரம் பார்த்து, பயணி ஒருவரிடம் அழைப்பாணை கொடுக்கப்பட்டது. ஆர்கன்சாவில் கொடுத்ததாகவே அது கொள்ளப்பட்டது.

மோட்டார் விபத்துகளுக்கு வேறொரு கற்பனை தேவைப்பட்டது. வெளிமாநிலத்தார் ஒருவர் வண்டியை மோதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால், அடிபட்டவர் அவரை அவரது ஊரில் போய்த்தான் துரத்த வேண்டுமா? எங்கள் சாலையில் சக்கரம் உருண்ட கணமே எங்கள் நீதிமன்றத்துக்கு நீ ஒப்புதல் தந்துவிட்டாய் என்று மாசசூசெட்ஸ் சட்டம் செய்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. ஒப்புதல் என்று எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஃபீல்டின் கோட்டைச் சுவர் இடியாமல் நிற்க, சுவரெங்கும் சாளரங்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுவரையே இடித்தது ஒரு காலணி வழக்கு. மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டர்நேஷனல் ஷூ கம்பெனி, வாஷிங்டன் மாநிலத்தில் கடை வைக்கவில்லை, கிடங்கு வைக்கவில்லை. 1937 முதல் 1940 வரை 11 முதல் 13 விற்பனையாளர்களை மட்டும் வைத்திருந்தது. அவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து மாதிரிகளைப் பரப்பிக் காட்டினார்கள். மாதிரி என்றால் ஒரு ஜோடியில் ஒற்றைக் காலணி மட்டும். வாங்குவோர் கேட்கும் சரக்கை எழுதிச் செயின்ட் லூயிஸுக்கு அனுப்புவார்கள். ஏற்பதும் மறுப்பதும் அங்கே. சரக்கு வருவதும் அங்கிருந்தே. வாஷிங்டனில் ‘விற்பனை’ என்பதே நடப்பதில்லை என்பது கம்பெனியின் வாதம். ஒற்றைக் காலணியை யார் வாங்கி எங்கே போட்டுக்கொள்வார்கள்? ஆண்டுக்கு 31,000 டாலருக்கும் மேலாகத் தரகுத்தொகை மட்டும் அந்த மாநிலத்து விற்பனையாளர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வழக்கு எழுந்தது வேலையிழந்தோர் நிதிக்காக. பெருமந்தத்துக்குப் பின் மாநிலங்கள் ஏற்படுத்திய அந்நிதிக்கு, வேலை தருவோர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். வாஷிங்டன் மாநிலம் கேட்டது. நாங்கள் உங்கள் மாநிலத்தில் இல்லவே இல்லை என்றது கம்பெனி. தலைமை நீதிபதி ஹார்லன் ஸ்டோன் 1945 டிசம்பர் 3இல் தீர்ப்பெழுதினார். (1934இல், சமூகக் காப்புத் திட்டத்தை எந்த அதிகாரத்தின் மேல் நிறுத்துவது என்று தவித்த அமைச்சர் ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸுக்கு, ஒரு தேநீர் விருந்தில் வரிவிதிக்கும் அதிகாரத்தைக் குறிப்பாகச் சொல்லிவிட்டவரும் இதே ஸ்டோன்தான் என்று பெர்க்கின்ஸ் பின்னாளில் எழுதினார்.) அமர்வில் ஒரு நாற்காலி வெறுமை. நீதிபதி ஜாக்சன் நியூரம்பர்கில் நாஜித் தலைவர்கள்மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். உலகத்தின் எந்த நீதிமன்றத்துக்கு யார்மீது அதிகாரம் என்ற கேள்வி அங்கே வேறு அளவில் எழுந்திருந்தது.

கம்பெனி ‘இருக்கிறதா’ என்று கேட்பதே வீண் என்றார் ஸ்டோன். உடலற்ற ஒன்றுக்கு இருப்பு என்பது அதன் செயல்களுக்கு நாம் இடும் பெயர்தான். கேட்க வேண்டியது, அந்த மாநிலத்தோடு பிரதிவாதிக்குக் குறைந்தபட்சத் தொடர்பாவது உண்டா, அங்கே வழக்கைச் சந்திக்கச் சொல்வது நேர்மைக்கும் மெய்யான நீதிக்கும் பொருந்துமா என்பது. காலணிக் கம்பெனி தோற்றது. அமெரிக்கச் சட்டம் எல்லைக்கோட்டை விட்டு உறவுக்கு வந்து சேர்ந்தது. மாநிலங்கள் இதன்பின் இயற்றிய சட்டங்களை அங்கே ‘நீண்ட கைச் சட்டங்கள்’ என்றே அழைக்கிறார்கள். 1957இல் கலிபோர்னியாத் தாய் ஒருவர், இறந்த மகனின் காப்பீட்டுத் தொகைக்காக, டெக்சாஸ் கம்பெனியைத் தம் மாநில நீதிமன்றத்திலேயே இழுத்து வென்றார். கலிபோர்னியாவில் அக்கம்பெனி நடத்திய தொழிலாகப் பதிவில் காணப்பட்டது அந்த ஒரே பாலிசிதான். அதுவே போதுமாயிற்று.

எனினும் காலணி வழக்கில் தனிக்கருத்து எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக்கை மறந்துவிட முடியாது. முடிவில் அவருக்கு உடன்பாடு. ‘நேர்மை’ என்னும் சொல்லில் இல்லை. நெகிழ்வான அச்சொல்லை அரசமைப்புக்குள் கொண்டுவந்தால், நாளை நீதிபதிகள் தமக்கு நேர்மையாகப் படாததையெல்லாம் வெட்டுவார்கள். தம் ஊர் நீதிமன்றத்தில் வழக்காடும் மக்களின் உரிமையே அதில் வெட்டுப்படும் என்று எச்சரித்தார்.

35 ஆண்டுகளில் அது நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆடி கார் வாங்கிய குடும்பமொன்று மறு ஆண்டு அரிசோனாவுக்குக் குடிபெயரும் வழியில், ஓக்லஹோமா நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து மோதப்பட்டு, கார் தீப்பற்றித் தாயும் இரு பிள்ளைகளும் கடுந்தீக்காயம் அடைந்தனர். விபத்து நடந்த ஓக்லஹோமாவில் வழக்கு. காரை விற்ற நியூயார்க் வணிகருக்கும் விநியோகத்தாருக்கும் ஓக்லஹோமாவோடு என்ன தொடர்பு என்று 1980இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் என்பது ஊர் விட்டு ஊர் போவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் என்பது கணக்கில் வரவில்லை. தம் விருப்பால் அம்மாநிலத்தை நாடியிருக்க வேண்டும் என்பது இப்போது நிபந்தனை.

நம்மவர்க்கு மிக நெருக்கமான வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 1984 டிசம்பர் போபால் நச்சுவாயுவுக்குப் பின், யூனியன் கார்பைடுக்கு எதிராக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகள் நியூயார்க்கில் நீதிபதி ஜான் கீனன் முன் திரட்டப்பட்டன. கம்பெனி நியூயார்க்கில் பதிவானது. ஆள்பற்றிய அதிகாரத்தில் ஐயமே இல்லை. இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்த மறுப்பதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. வேறு நாட்டு நீதிமன்றமே இவ்வழக்குக்கு வசதியானது என்று திருப்பி அனுப்பிவிடலாம். இந்திய அரசு, தன் நீதிமன்றங்கள் இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கமாட்டா என்று வாதிட்டது. இந்திய நீதித்துறையின் ஆற்றலைப் புகழ்ந்து கம்பெனிக்காகப் பிரமாணப் பத்திரம் தந்தவர் நானி பால்கிவாலா. 1986 மே 12இல் கீனன் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பினார். இந்திய நீதிமன்றம் உலகின் முன் தலைநிமிர்ந்து நிற்கும் வாய்ப்பைத் தாம் பறிக்கலாகாது, பறித்தால் அது ஏகாதிபத்தியத்தின் மறுவடிவம் ஆகும் என்றார். மரியாதையின் உடுப்பில் வந்த இவ்வளவு கொடிய மறுப்பை நாம் வேறெங்கும் படித்ததில்லை. 1989 பிப்ரவரியில் வழக்கு 47 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

கோட்பாட்டின் உச்சத்தில் பழைய விதி செத்துவிட்டதா என்றால் இல்லை. ‘வழக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நீதிமன்றச் சண்டை என்றும் பொருள். வழிவழி வந்த நடைமுறை என்றும் பொருள். இரண்டும் ஒன்றான வழக்கு 1990இல் வந்த பர்ன்ஹாம். நியூஜெர்சியில் வாழ்ந்தவர், தொழில் நிமித்தமாகவும் குழந்தைகளைக் காணவும் சில நாள் கலிபோர்னியா போனார். குழந்தையை மனைவியின் வீட்டில் திரும்ப விடும்போது மணமுறிவு வழக்கின் அழைப்பாணை அவர் கையில் தரப்பட்டது. உடம்பு உள்ளே இருந்தது, தாள் கைக்கு வந்தது, தொன்றுதொட்டு வந்த நடைமுறை இது, இதற்குமேல் நேர்மை பற்றிக் கேட்க ஒன்றும் இல்லை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். முடிவை ஒன்பது பேரும் ஏற்றனர்; காரணத்தில் பிரிந்தனர்.

அப்படியே 2011 ஜூன் 27க்கு வருவோம். நியூஜெர்சியின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் உலோகம் வெட்டும் எந்திரத்தில் தொழிலாளி ஒருவருக்கு 2001இல் நான்கு விரல்கள் போயின. எந்திரத்தைச் செய்தது இங்கிலாந்தின் மெக்கின்டயர் கம்பெனி. ஒஹையோவைச் சேர்ந்த தனி விநியோக நிறுவனம் மூலம் அமெரிக்காவெங்கும் விற்றது; அந்த விநியோகத்தாரோ திவாலாகிவிட்டார். அமெரிக்க வணிகக் கண்காட்சிகளுக்குக் கம்பெனியின் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். கிடங்குக்காரர் எந்திரத்தைப் பற்றி அறிந்ததே லாஸ் வேகாஸ் கண்காட்சியில்தான். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் நியூஜெர்சிக்கு அதிகாரம் இல்லை என்றது. கம்பெனி அமெரிக்காவைக் குறிவைத்தது, நியூஜெர்சியைக் குறிவைக்கவில்லை என்பது நீதிபதி கென்னடி தலைமையிலான நால்வரின் காரணம். பழைய இரும்பு வணிகம் நாட்டிலேயே மிகுதியாக நடப்பது நியூஜெர்சியில் என்று எடுத்துக்காட்டி மறுத்தெழுதினார் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஐம்பது மாநிலத்திலும் விற்க விரும்பியவர் ஒரு மாநிலத்தையும் விரும்பவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் இந்தத் தர்க்கம் நமக்குப் பிடிபடவில்லை. ஊரில் எல்லாருக்கும் அழைப்பு வைத்தவர், உனக்கு என்று தனியே வைக்கவில்லையே என்பது போல இருக்கிறது.

கின்ஸ்பர்கின் நிலையும் முழுக்க எளியதன்று. கம்பெனியை அதன் எல்லாச் செயல்களுக்காகவும் இழுக்கும் பொது அதிகாரத்தைச் சுருக்கியவர் அவரே. அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சிக் காலத்தில், அங்கிருந்த மெர்சிடிஸ் நிறுவனம் படையினரோடு சேர்ந்து தொழிலாளரைக் கடத்தவும் கொல்லவும் உதவியதாகக் குற்றம் சாட்டி 22 அர்ஜென்டினர் டைம்லர் மீது கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கில், டைம்லரின் வீடு அங்கே இல்லை என்று 2014இல் தள்ளுபடி செய்த தீர்ப்பு அவர் எழுதியது. கம்பெனிக்கு வீடு என்பது பதிவான இடமும் தலைமை அலுவலகமும். மற்ற ஊர்களெல்லாம் அதற்குச் சத்திரம்.

மிட்செல் போன்ற ஒருவரிடமிருந்து நெஃப் போன்ற ஒருவரைக் காக்கச் செய்த கேடயம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் எவர் கையில் இருக்கிறது என்பதை இந்த வழக்குகளின் வரிசையே காட்டுகிறது. தொலைவில் இருப்பவர் எளியவராக இருந்தார் 1866இல். இப்போது தொலைவில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி. ஊரில் இருப்பது விரல் இழந்தவர்.

அண்மையில் காற்று சற்றே திசை மாறியிருக்கிறது. 2021இல் ஃபோர்டு கம்பெனி, விபத்துக்குள்ளான கார்களைத் தான் முதலில் விற்றது வேறு மாநிலங்களில் என்று வாதிட்டுத் தோற்றது. நீதிபதி எலெனா கேகன் எழுதிய தீர்ப்புக்கு எதிர்ப்பே இல்லை. 2023இல் வந்த மேலரி வழக்கு இதைவிடச் சுவையானது. ஒஹையோவிலும் வர்ஜீனியாவிலும் ஏறத்தாழ இருபதாண்டு சரக்கு ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்த தொழிலாளி, தமக்குப் புற்றுநோய் வந்தது பணியிடத்து நச்சுப் பொருள்களால் என்று நார்ஃபோக் சதர்ன் ரயில் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். தொடுத்த இடம் பென்சில்வேனியா. நோய் வந்த இடமும் அதுவன்று; கம்பெனியின் வீடும் அதுவன்று. ஆனால் தன் மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்யும் வெளிக் கம்பெனி எந்த வழக்குக்கும் அங்கே பதில் சொல்ல ஒப்பியதாகும் என்று பென்சில்வேனியச் சட்டம் சொல்கிறது. கம்பெனிக்கு அம்மாநிலத்தில் 5,000 பேர் வேலை செய்கிறார்கள். வட அமெரிக்காவின் மிகப் பெரிய இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை அதன் ஆல்டூனா நகரில் இருக்கிறது. நீதிபதி கோர்சச் 1917ஆம் ஆண்டின் பழைய தீர்ப்பொன்றைத் தூசி தட்டி எடுத்து, ஒப்புதல் என்னும் வாயில் இன்னும் திறந்தே இருக்கிறது என்றார். 5க்கு 4.

ஐந்தாவது வாக்கான நீதிபதி அலிட்டோ ஒரு குறிப்போடுதான் கையெழுத்திட்டார். உரிய சட்ட நடைமுறையின்படி இது சரி. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைத் தடையின்றி நடக்கவிட வேண்டும் என்னும் அரசமைப்பின் வேறொரு விதியின்படி சரியா என்பதை இன்னும் கேட்கவில்லை என்றார். வழக்கு பென்சில்வேனிய நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது.